கம்பஸ் பிள்ளைகளுக்குக் குப்பி எடுக்க ஆள் சேர்க்கும் இணையத்தளம்: பொருத்தம் பார்க்கும் இடத்தில் நிற்கிறேன், உதவி தேவை

தலவாக்கலை_தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு மனதில் படுவதைச் சொல்லுங்கள்.

நான் தலவாக்கலைப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். இப்போது மலைநாட்டிலேயே உள்ள ஒரு கம்பஸில் இரண்டாம் வருடம். கம்பஸ் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் சேர்த்துவைக்கும் இணையத்தளம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "இந்தப் பாடம் எனக்குத் தெரியும், சொல்லித்தருவேன்" என்று ஒருவர் பதிய, "இது எனக்கு விளங்கவில்லை" என்று இன்னொருவர் பதிய, நேரம் ஒத்துவருகிறதா என்று பார்த்துத் தளமே இரண்டு பேரையும் சேர்த்துவிட வேண்டும். நம் கம்பஸ்களில் குப்பி என்கிறோமே, அதேதான். குப்பி விளக்கைச் சுற்றிக் கூடிப் படித்ததால் வந்த பேர் என்று சீனியர்மார் சொல்வார்கள். ஆனால் இப்போது நடக்கிற குப்பி பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு மண்டபத்தில் எண்பது பேரை உட்காரவைத்து ஒரு அண்ணன் வேகவேகமாகப் பழைய வினாத்தாள் செய்துகாட்டுவது. ஓரளவு தெரிந்தவனுக்கு அது பெரிய உதவி. அடிப்படையே பிடிபடாதவன் பின்வரிசையில் இருந்து எழுதிக்கொண்டு போவான், அவ்வளவுதான்.

எனக்கே நடந்த கதை இது. ஏஎல், அதாவது உயர்தரம் வரை எல்லாம் தமிழ் மொழிமூலம். முதலாம் வருடம் புள்ளிவிபரவியல் விரிவுரையில் "ஸ்டாண்டர்ட் டீவியேஷன்", "ஸ்டாண்டர்ட் டீவியேஷன்" என்று ஆங்கிலத்தில் போய்க்கொண்டே இருந்தது. நானும் ஏதோ புதுச் சமாச்சாரம் என்று பயந்துபோய் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து, விடுதியில் பக்கத்து அறை அண்ணன் என் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லுக்கு மேலே பென்சிலால் "நியம விலகல்" என்று எழுதினார். அவ்வளவுதான், எல்லாம் திறந்துகொண்டது. நான் ஏஎல்லில் எத்தனையோ கணக்குச் செய்த விஷயம். அந்த அண்ணன் அந்தப் பாடத்தில் ஏ எடுத்தவர், மூன்று வாரமும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். எனக்கு அது தெரியாது, நான் திண்டாடுவது அவருக்கும் தெரியாது. இதற்காகத்தான் இந்தத் தளத்தைக் கட்ட வேண்டும் என்று நிற்கிறேன்.

இதுவரை செய்தது: இணையத்தளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற பைதன் கட்டமைப்பில் எழுதுகிறேன், தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். பதிவுப் பக்கம் முடிந்தது, கடவுச்சொல் பகுதியை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன். பொருத்தம் பார்க்கும் பகுதியில்தான் இரண்டு மாதமாக நிற்கிறது. இரண்டு பக்கத்தாரின் விருப்ப வரிசையையும் பார்த்து ஜோடி சேர்க்கும் கேல்-ஷாப்லி முறையைப் படித்தேன். அதன்படி ஒவ்வொரு மாணவரும் தனக்குப் பிடித்த ஐந்து பேரை வரிசைப்படுத்தித் தர வேண்டும், சொல்லிக்கொடுப்பவர்களும் அப்படியே தர வேண்டும் என்று வைத்திருக்கிறேன். நேரத்துக்கு காலை 6 முதல் இரவு 10 வரை மணித்தியாலத்துக்கு ஒரு பெட்டி, ஏழு நாளும். இது சரியான வழியா? லொகினை எப்படிச் செய்வது நல்லது? பாடப் பெயரைத் தமிழில் தேடினால் சிலசமயம் கிடைக்கிறது, சிலசமயம் அதே பெயரே கிடைப்பதில்லை, அது ஏன்? சொல்லிக்கொடுப்பவர்களுக்குக் காசு கொடுக்கும் வசதி வைக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

பொகவந்தலாவ_டெவ்:

தம்பி, முதலில் ஒன்று, கட்டாயம் கட்டுங்கள். நானும் பொகவந்தலாவையில் இருந்து ஏஎல் முடித்துப் போனவன்தான், பத்து வருடமாகக் கொழும்பில் மென்பொருள் வேலை. நீங்கள் சொன்ன அந்தப் பென்சில் எழுத்து எனக்கு நன்றாக விளங்குகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேல்-ஷாப்லியை விட்டுவிடுங்கள். நல்ல முறைதான், டேவிட் கேலும் லொயிட் ஷாப்லியும் 1962இல் எழுதிய கட்டுரை, பிறகு 2012இல் ஷாப்லிக்கும் அல்வின் ரொத்துக்கும் பொருளியல் நோபல் கிடைத்ததும் இந்த வழியில் வந்த வேலைக்குத்தான். ஆனால் அது பொருந்துவது இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் உண்மையிலேயே வரிசைப்படுத்தக்கூடிய இடத்தில். வைத்தியசாலைகளும் புதிய டொக்டர்மாரும் மாதிரி. உங்கள் முதலாம் வருடப் பிள்ளைக்கு சொல்லிக்கொடுக்க வருகிற சீனியர்மாரில் யாரையும் தெரியாது, யாரை முதலாவது, யாரை ஐந்தாவது என்று போடும்? சும்மா ஏதாவது போட்டுவிட்டுப் போகும், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்திலேயே தளத்தை மூடிவிடும். தெரியாத விருப்பத்தைக் கேட்டு வாங்கி அதற்கு மேலே கணக்குப் போட்டால் வருகிற விடையும் அப்படித்தான் இருக்கும்.

நேரப் பெட்டிகளை எண்ணிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 16, ஏழு நாளுக்கு 112. ஃபோன் திரையில் விரலால் 112 பெட்டி யார் தொடுவார்கள்? காலை, பகல், பின்னேரம், இரவு என்று நாளைக்கு நான்கு போதும், 28தான் வரும். சரியான மணியை அவர்கள் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

பொருத்தம் இவ்வளவுதான். முதலில் கட்டாயமானவற்றால் வடிகட்டுங்கள்: அதே பாடம், பேசும் மொழி, ஒத்துப்போகும் ஒரு நேரமாவது இருக்கிறதா, நேரிலா ஓன்லைனா. இதிலேயே பாதிக்கு மேல் கழிந்துவிடும். மிஞ்சுகிற இரண்டு மூன்று பேரில் இந்த வாரம் யாருக்கு வேலை குறைவோ அவரை முதலில் காட்டுங்கள். ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விழாமல் ஒரு வரம்பு வையுங்கள், நல்லாகச் சொல்லிக்கொடுக்கிற பிள்ளையிடம் எல்லோரும் போய் விழுந்து, பரீட்சைக் காலத்தில் அந்தப் பிள்ளை தன் படிப்பை விட்டுவிடக்கூடாது. இதை எழுத உங்களுக்கு ஒரு பின்னேரம் போதும்.

கடவுச்சொல் பகுதியை நீங்களே எழுத வேண்டாம். இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஜாங்கோவிலேயே அது சோதிக்கப்பட்டு இருக்கிறது, அதைப் பாவியுங்கள். அதைவிட நல்லது கடவுச்சொல்லே வைக்காமல் விடுவது. கம்பஸ் மின்னஞ்சல் எல்லோருக்கும் இருக்கும்தானே, ஏசி டொட் எல்கே என்று முடிகிற முகவரி, அதற்கு ஒரு தற்காலிக இணைப்பை அனுப்பி அதைத் தொட்டால் உள்ளே வருகிற மாதிரி செய்யுங்கள். வெளியாள் யாரும் நுழையாமல் இருக்கவும் அதுவே காவல். எஸ்எம்எஸ்ஸில் இலக்கம் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் காசு, மாணவர் கையால் அது கட்டாது.

இன்னொரு இடத்தில் கட்டாயம் அடிபடுவீர்கள். இரண்டு பேர் ஒரே சீனியரின் புதன் இரவு நேரத்தை ஒரே நொடியில் அழுத்துவார்கள். "அந்த நேரம் காலியா" என்று பார்த்துவிட்டுப் பிறகு பதிவு செய்கிற மாதிரி எழுதியிருந்தால் இரண்டு பேருக்கும் காலி என்றுதான் தெரியும், இரண்டு பதிவும் விழும். தரவுத்தளத்திலேயே சொல்லிக்கொடுப்பவர், திகதி, நேரம் மூன்றும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று யுனிக் கட்டுப்பாடு போட்டுவிடுங்கள். இரண்டாவது பதிவைப் போஸ்ட்கிரெஸே தடுக்கும், நீங்கள் "இந்த நேரத்தை இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார், வேறொன்று பாருங்கள்" என்று காட்டினால் போதும்.

தமிழ்த் தேடல். "பொருளியல்" என்பதில் வரும் "ொ" யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம், ஒரே குறியாகவும் இருக்கும், "ெ" என்பதும் "ா" என்பதும் தனித்தனியாகவும் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கொம்பியூட்டருக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் எல்லாவற்றையும் ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி முறைக்கு மாற்றிவிடுங்கள், பைதனில் ஒரே வரி. இன்னும் சில பேர் பழைய நோட்ஸிலிருந்து, யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் உள்ளதை ஒட்டுவார்கள், அது உங்கள் பக்கத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் விழும். அதனால் பாடப் பெயரை யாரையும் எழுதவிடாதீர்கள், பாடக் குறியீட்டோடு ஒரு பட்டியல் கொடுத்துத் தெரிவு செய்யவிடுங்கள். பட்டியலில் "கணக்கீடு" என்றும் "அக்கவுண்டிங்" என்றும் எதைத் தட்டினாலும் அதே பாடம் வர வேண்டும்.

அப்புறம், பக்கத்தின் பாரம். வார இறுதியில் பிள்ளைகள் வீட்டுக்குப் போனால் லயத்துக்குள்ளே சிக்னல் இருக்காது, மேலே ரோட்டுக்கோ தேயிலை மலைப் பக்கமோ ஏறிப் போய்த்தான் மெசேஜ் பார்க்க வேண்டும், உங்களுக்குத் தெரியாததா. பெரிய படம் வேண்டாம், தமிழ் எழுத்துருவை இறக்கவும் வேண்டாம், ஃபோனில் இருக்கிற எழுத்துருவே போதும். ஒரு பக்கம் 100 கிலோபைட்டுக்குள் நிற்கட்டும்.

ஆனால் இவ்வளவையும் செய்வதற்கு முதல், இந்த செமஸ்டருக்கு ஒரு கூகுள் போர்மும் ஒரு ஷீட்டும் போதும் தம்பி. முப்பது பேர் சேரும்வரை நீங்களே இரவில் உட்கார்ந்து கையால் பொருத்திவிடுங்கள். எந்தக் கேள்வி தேவை, எது தேவையில்லை, யார் வராமல் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவரும். அது தெரியாமல் கட்டிய தளத்தைப் பிறகு உடைத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

காசு விஷயம், வேண்டாம் என்பேன். காசு வந்தால் அது டியூசன் ஆகிவிடும், கேட்கிற பிள்ளையின் கையில் காசு இல்லாததுதான் இங்கே பிரச்சினையே.

மழைக்கோட்டு_அக்கா:

நான் பேராதனையில் மூன்றாம் வருடம், ஊர் மஸ்கெலியாப் பக்கம். மேலே அண்ணா எழுதியதில் தொழில்நுட்பம் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, வேறு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

தம்பி, நீங்கள் கட்டுகிற தளத்தில் சொல்லிக்கொடுக்க எத்தனை பேர் பதிந்தாலும் கேட்பதற்கு ஆள் வருமா என்று யோசித்துப் பார்த்தீர்களா? "எனக்கு விளங்கவில்லை" என்று பேரோடு போய் ஒரு இடத்தில் எழுதுவது நம் பிள்ளைகளுக்கு லேசான காரியம் இல்லை. ஊரில் கம்பஸ் கிடைத்த பிள்ளை என்று பேர். தோட்டத்திலேயே அந்த வருடம் அது ஒன்றுதான் தெரிவாகியிருக்கும், கோயிலில் பாராட்டு வைத்து மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள். அந்தப் பிள்ளை இங்கே வந்து முதல் செமஸ்டரிலேயே எனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று யாரிடம் சொல்லும்? என் அறையில் இருந்த தங்கச்சி ஒருத்தி ஆறு வாரம் ஒவ்வொரு நாளும் விரிவுரைக்குப் போனாள், திரும்பி வந்து கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு அப்படியே இருப்பாள். கேட்டால் தலையிடி என்பாள். ஒரு நாள் இரவு லைட்டை அணைத்த பிறகுதான், இருட்டில், "அக்கா எனக்கு அந்த இங்கிலிஷ் புரியவே இல்லை" என்றாள். இருட்டாக இருந்தபடியால்தான் சொன்னாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால் கேட்கிற பிள்ளையின் பேர் வெளியே யாருக்கும் தெரியாத மாதிரி வையுங்கள். சொல்லிக்கொடுப்பவர்களின் பட்டியல் எல்லோருக்கும் தெரியட்டும், கேட்பவர்களின் பட்டியல் என்று ஒன்று எந்தப் பக்கத்திலும் இருக்கவே கூடாது. பொருத்தம் அமைந்து இரண்டு பேரும் சரி என்ற பிறகுதான் பேர் தெரிய வேண்டும். "உங்கள் பலவீனமான பாடங்கள்" என்றெல்லாம் கேட்காதீர்கள், "எந்தப் பாடத்தைப் பற்றிப் பேசலாம்" என்று கேளுங்கள்.

இரண்டாவது, பெண் பிள்ளைகள். தெரியாத சீனியர் ஒருவரோடு தனியாக ஒரு இடத்தில் உட்காரச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள், அவர்கள் வீட்டிலும் விரும்பமாட்டார்கள், அதில் பிழையும் இல்லை. பெண் ஒருவர்தான் வேண்டும் என்று தெரிவு செய்ய இடம் வையுங்கள். நேரில் என்றால் நூலகம், கன்டீன் மாதிரி ஆள் நடமாடும் இடங்களை மட்டும் பட்டியலில் போடுங்கள், விடுதி அறை வேண்டாம். இரண்டு மூன்று தோழிகள் சேர்ந்து ஒரே பதிவாக வரலாம் என்று வையுங்கள், கூச்சமும் பயமும் சேர்ந்தே போகும். ஃபோன் நம்பரைத் தானாகக் காட்டிவிடாதீர்கள். ஒருமுறை வேறொரு இடத்தில் என் நம்பரைக் கொடுத்துவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் தேவையில்லாத மெசேஜ் வந்து கடைசியில் சிம்மையே மாற்றினேன். நம்பர் இல்லாமல் பேச கூகுள் மீட் மாதிரி ஒரு இணைப்பே போதும்தானே. சரியில்லாத ஆள் யாரும் வந்தால் அறிவிக்க ஒரு பட்டன், அது போய்ச் சேர்வது ஒரு பெண்ணிடமாக இருக்க வேண்டும். பகிடிவதைக்குப் பயந்து சீனியர் பக்கமே போகாத பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் நம்பி வருகிற இடமாக இது இருக்க வேண்டும்.

பொகவந்தலாவ_டெவ்:

தங்கச்சி சொன்னது முழுக்கச் சரி, நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது. அதோடு ஒன்று சேர்க்கிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று நம் நாட்டிலும் ஒன்று இருக்கிறது. அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, கம்பஸ் தெரிவுக்கான ஏஎல் இஸட் புள்ளி, இவையெல்லாம் உங்களுக்கு எதற்கு? வாங்காதீர்கள். கையில் இல்லாத தகவல் ஒருநாளும் கசியாது. செமஸ்டர் முடிந்ததும் யார் யாரிடம் என்ன கேட்டார் என்ற பதிவையும் அழித்துவிடுங்கள்.

தலவாக்கலை_தம்பி:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் படித்துவிட்டு என் பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். "உதவி தேவைப்படும் மாணவர்கள்" என்று முகப்பிலேயே பெயர்ப் பட்டியல் வைத்திருந்தேன். இன்று இரவே எடுத்துவிட்டேன்.

அண்ணாவிடம் ஒரு கேள்வி. கையால் பொருத்துவது என்று முடிவெடுத்துவிட்டேன், ஆனால் யாரை முதலில் பொருத்துவது? முதலில் பதிந்தவரையா? நேற்றுப் பரீட்சார்த்தமாக நண்பர்கள் பத்துப் பேரை வைத்துச் செய்து பார்த்தேன், கடைசியில் ஒருவனுக்கு யாருமே மிஞ்சவில்லை, ஆனால் சொல்லிக்கொடுக்க ஒருவர் சும்மாதான் இருந்தார்.

இன்னொன்று, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களை என்ன செய்வது?

பொகவந்தலாவ_டெவ்:

அது எல்லோரும் விழுகிற குழிதான். உங்கள் பத்துப் பேரில் இரண்டு பேரை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒருவன் புதன் இரவு மட்டும்தான் வருவான், அந்த நேரத்தில் இருப்பது அக்கா ஒருவர்தான். இன்னொருவன் புதனும் வருவான் சனியும் வருவான், புதன் அக்காவும் சரி சனி அண்ணனும் சரி. இரண்டாவது ஆள் முதலில் பதிந்தான் என்று அவனுக்குப் புதன் அக்காவைக் கொடுத்துவிட்டால் முதலாமவனுக்கு ஆளில்லை, சனி அண்ணன் சும்மா இருப்பார். அதனால் யாருக்கு வழி மிகக் குறைவோ அவரை முதலில் பொருத்துங்கள், நாலைந்து வழி உள்ளவர் காத்திருக்கட்டும். ஷீட்டில் ஒரு நிரல் போட்டு எத்தனை பேர் பொருந்துகிறார்கள் என்று எண்ணி, சிறியதிலிருந்து வரிசைப்படுத்தினால் போதும், முப்பது பேருக்கு அது தாராளம். பிறகு இருநூறு முந்நூறு என்று வந்தால் ஹங்கேரியன் முறை என்று ஒன்று இருக்கிறது, ஹரோல்ட் கூன் 1955இல் எழுதியது, மொத்தமாகப் பார்த்து மிகச் சிறந்த பொருத்தத்தைத் தரும், அதே வேலையைச் செய்கிற ஒன்று பைதனில் சைபை நூலகத்தில் தயாராக இருக்கிறது. அதை எழுத வேண்டியதுகூட இல்லை, கூப்பிட்டால் போதும்.

வராதவர்கள்: முதல் நாள் இரவு ஒரு நினைவூட்டல், அதிலேயே "வருகிறேன்", "இந்த வாரம் முடியாது" என்று இரண்டே பட்டன். முடியாது என்று சொல்வது சுலபமாக இருந்தால் சொல்லாமல் நிற்கிறவர்கள் குறைவார்கள். இரண்டு தடவை சொல்லாமல் நின்றால் அடுத்த இரண்டு வாரம் பதிய முடியாது. தண்டப்பணம், புள்ளி குறைத்தல் ஒன்றும் வேண்டாம். மழைக்கு ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றால் யார்தான் என்ன செய்வது, "ஓன்லைனுக்கு மாற்று" என்று ஒரு பட்டனும் சேர்த்துவிடுங்கள். சிக்னல் சரியில்லை என்றால் கொப்பிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி வொய்ஸ் மெசேஜில் விளக்கினாலே பாதிக் காரியம் முடியும்.

பதுளை_ஆசிரியர்:

பிள்ளைகளே, நான் இருபத்தைந்து வருடம் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவன். இதை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிள்ளைக்குப் பிள்ளை படிப்பிப்பது நமக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தான்தானே, வாத்தியார் ஒரு பக்கம் இருக்க, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்கு மணலில் எழுதிக் காட்டுவான். 1789இலிருந்து சென்னையில் இராணுவத்தாரின் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் மணலில் எழுதும் இந்தப் பழக்கத்தைப் பார்த்துத் தன் பிள்ளைகளுக்கும் அப்படிச் செய்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். அதற்குப் பிறகு இங்கிலாந்திலேயே இதற்கு மெட்ராஸ் முறை என்று பேர் வந்தது. நம் ஊர் மணலில் இருந்து போன விஷயம்.

மஸ்கெலியாப் பிள்ளை சொன்ன வெட்கம் பற்றித்தான் எனக்கு அதிகம் யோசனை. அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் 1973இல் டியானா மார்ட்டின் என்பவர் ஒரு வேலை தொடங்கினார். பின்தங்கிய மாணவர் யார் என்று தேடுவதை விட்டுவிட்டு, அதிகம் பேர் விழுகிற பாடம் எது என்று தேடினார். அந்தப் பாடத்துக்கு, முன்பு அதில் நன்றாகச் செய்த மாணவர் ஒருவர் வாராவாரம் இருந்து கலந்துபேசுவார், வகுப்பில் யார் வேண்டுமானாலும் வரலாம், ஏ எடுக்கிற பிள்ளையும் வரும். பாடம்தான் கடினம் என்று ஆனபிறகு அங்கே போய் உட்காருவதில் யாருக்கும் குறைவில்லை. தம்பி, உங்கள் தளத்தில் தனித்தனிப் பொருத்தம் இருக்கட்டும். அதோடு உங்கள் கம்பஸில் முதலாம் வருடம் அதிகம் பேர் விழுகிற இரண்டு பாடத்தை எடுத்து, வாரத்துக்கு ஒரு நாள் திறந்த குப்பி என்று போடுங்கள். பதிவும் வேண்டாம், பேரும் வேண்டாம், நேரமும் இடமும் மட்டும். முதலில் அதற்கு வந்து பழகிய பிள்ளைதான் பிறகு தனியாகக் கேட்கும்.

சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளை ஒரு பின்னேரம் கூப்பிட்டு வைத்துப் பேசிவிடுங்கள். கணக்கைத் தான் செய்து காட்டுகிறவன் நல்ல ஆசிரியன் இல்லை. பேனை படிக்கிற பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும், "நீ எதுவரை வந்தாய், அங்கிருந்து சொல்லு" என்று கேட்க வேண்டும். அசைன்மன்ட் எழுதிக்கொடுப்பது கிடையாது என்று தளத்தில் பெரிதாகவே போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் அது அதற்கான கடையாகிவிடும். தனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்டால் தெரியாது, விரிவுரையாளரிடம் சேர்ந்து போய்க் கேட்போம் என்று சொல்லப் பழக்குங்கள். அதைச் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம்தான் மற்றப் பிள்ளையும் தனக்குத் தெரியாததைச் சொல்லும்.

மழைக்கோட்டு_அக்கா:

சேர், அந்தப் பேனை விஷயம் மிகவும் உண்மை. என் அறையில் இருந்த அந்தத் தங்கச்சிக்கு முதல் இரண்டு நாள் நானே எல்லாம் எழுதிக் காட்டினேன், தலையாட்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் பேனையை அவளிடம் கொடுத்தபோதுதான் முதல் வரியிலேயே நின்றாள், எங்கே பிடிபடவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

தம்பி, தமிழில் ஏஎல் படித்து ஆங்கிலத்தில் படிக்க வருகிற பிள்ளைகளுக்கு உங்கள் தளத்தில் ஒரு சொற்பட்டியல் பக்கம் வைப்பீர்களா? ஓர்கானிக் கெமிஸ்ட்ரி என்பது நாம் படித்த சேதன இரசாயனம்தான், இன்டக்ரேஷன் என்றால் தொகையிடல் என்று பாடவாரியாக. சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொருவரும் தன் பாடத்துக்கு இருபது சொல் போட்டாலே ஒரு செமஸ்டரில் நிறையச் சேரும். பேரும் கொடுக்காமல் யாரையும் கேட்காமல் இரவில் தனியாக இருந்து பார்க்கலாம்.

தலவாக்கலை_தம்பி:

அக்கா, அந்தப் பக்கத்தைத்தான் முதலில் கட்டப்போகிறேன். சேர், உங்களுக்கும் மிக்க நன்றி.

இப்போதைக்கு முடிவு செய்தது இது. தளத்தின் பொருத்தும் பகுதியை இந்த செமஸ்டருக்கு நிறுத்திவைக்கிறேன். இன்றைக்கு ஐந்தே கேள்வியோடு கூகுள் போர்ம் ஒன்று போட்டேன்: பாடம், மொழி, வரக்கூடிய நேரம், நேரிலா ஓன்லைனா, பெண் ஒருவர் வேண்டுமா. சேர் சொன்ன மாதிரி புள்ளிவிபரவியலுக்குத் திறந்த குப்பி, புதன் பின்னேரம், நூலகத்துக்குப் பக்கத்து வகுப்பறை. பக்கத்து அறை அண்ணனிடம் போய்க் கேட்டேன், அவருக்கு இது கடைசி வருடம், ரிசேர்ச் வேலையும் இருக்கிறது, இருந்தும் உடனே வருகிறேன் என்றார். முறைப்பாடுகளைப் பார்க்க எங்கள் பட்ச் அக்கா ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

சொற்பட்டியலுக்கு ஷீட் திறந்துவிட்டேன், முதல் வரியில் நியம விலகல் போட்டாயிற்று. உங்கள் உங்கள் பாடத்தில் முதல் வருடம் உங்களைத் தடுக்கிவிட்ட சொல் எது என்று இங்கேயே கீழே எழுதுங்கள், நான் எடுத்துச் சேர்த்துவிடுகிறேன்.